சங்கிலி போட்டுக் கட்டிய ஜெனரேட்டர்

இரவு மணி பத்து. டல்லாஸுக்கு வடக்கே, வீடுகள் முடிந்து வெறும் காடு ஆரம்பிக்கிற இடத்தில் ஓர் ஒற்றை ரோடு. முன்னால் வண்டி இல்லை, பின்னால் வண்டி இல்லை. தெருவிளக்கும் இல்லை. ரோடு முழுக்க ஐஸ்… அதன் மேல் ஒரே ஒரு கார், மாட்டு வண்டி வேகத்தில் ஊர்ந்து போகிறது.

ஓட்டுகிறவன் ஆட்ரியன். தூத்துக்குடிக்காரன். நம் மோசஸ் இருக்கிறாரே, போன ஈஸ்டருக்குத் தட்டுத் தட்டாக மட்டன் பஃப்ஸ் கொண்டுவந்தாரே, அவருடைய சகலை. மோசஸின் மனைவி ஜெயலீலா அக்கா. ஆட்ரியனின் மனைவி ரெபெக்கா தங்கை. அதனால் இது ஊர் பேர் தெரியாதவன் கதை என்று யாரும் நினைக்க வேண்டாம். சந்தேகம் இருந்தால் மோசஸையே கேளுங்கள். ஆனால் சாப்பிடும்போது கேட்காதீர்கள், தட்டை வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார்.

அது டெக்ஸாஸ் முழுக்க உறைந்து கிடந்த ஒரு பிப்ரவரி. மத்தியானம் போன கரண்ட் திரும்பி வரவில்லை. வீட்டில் ரெபெக்காவும் பச்சைக் குழந்தையும். தேதிக்கு முன்னாலேயே பிறந்துவிட்ட பெண் பிள்ளை, கையில் எடுத்தால் கோழிக்குஞ்சு மாதிரி இருக்கும். ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போதே சொல்லித்தான் அனுப்பினார்கள்: இந்த எடைக்குக் குளிர் தாங்காது, வீடு சூடாக இருக்க வேண்டும். இன்னும் ஞானஸ்நானம்கூடக் கொடுக்கவில்லை. ரெபெக்கா பிள்ளையைத் தன் நைட்டிக்குள்ளேயே வைத்துக்கொண்டு, மேலே மூன்று போர்வை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னங்க, பிள்ளை கால் ஐஸ் மாதிரி இருக்கு. ஏதாவது செய்யுங்க."

ஹோட்டலுக்குப் போக வேண்டியதுதானே என்று கேட்க வாயைத் திறக்காதே, தீக்ஷா, கதை முடியும் வரைக்கும் சும்மா உட்கார். ஹோட்டலிலும் கரண்ட் இல்லை. மோசஸ் வீட்டிலும் இல்லை. ஃப்ரீவேயில் லாரிகள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தன. அந்த ஐஸில் பிள்ளையை வைத்துக்கொண்டு எங்கே போவது? கொடுமை என்னவென்றால், கேஸ் வந்துகொண்டுதான் இருந்தது. கூரைக்கு அடியில் பரண் மாதிரி இருக்கிற அட்டிக்கில், வீட்டைச் சூடாக்குகிற ஃபர்னஸ் நன்றாகத்தான் இருந்தது. அதைப் பற்றவைத்து, சூட்டை அறை அறையாக ஊதிவிடுவதற்கு மட்டும் கொஞ்சம் கரண்ட் வேண்டும். ஒரு சின்ன ஜெனரேட்டர் இருந்தால் போதும். கடை கடையாகப் போன் பண்ணிப் பார்த்தான். எங்கேயும் இல்லை.

அப்போதுதான் மோசஸ் கூப்பிட்டார். "ஏய் ஆட்ரியன், ஜெனரேட்டர் ஒண்ணு கிடைச்சிருக்குடே. நம்ம ஆபீஸ்ல ஒருத்தருக்குத் தெரிஞ்ச வெள்ளைக்காரர். சும்மாவே தர்றாராம். வீடுதான் ரொம்ப உள்ள தள்ளி இருக்கு. மெதுவாப் போ… பிரேக்கை மிதிச்சிராத."

இப்படித்தான் அவன் அந்த ரோட்டுக்கு வந்து சேர்ந்தான்.

ரோட்டின் கடைசியில் ஒரு இரும்பு கேட். கேட்டுக்கு வெளியே, ஐஸ் படிந்த புல்லில், சிவப்பு பெயிண்ட் உரிந்த ஒரு ஜெனரேட்டர். இரண்டு சக்கரமும் ஒரு கைப்பிடியும் வைத்தது. தள்ளி, கையில் லாந்தரோடு ஒரு வயதான மனிதர் நின்றார். ஆட்ரியன் மூச்சு முட்ட அதைக் காருக்குள் ஏற்றுகிற வரைக்கும் அவர் ஒரு கை கொடுக்கவில்லை. அந்த ஜெனரேட்டர் பக்கமே வரவில்லை. ஏற்றி முடித்த பிறகு இரண்டே இரண்டு வார்த்தை சொன்னார். வெளியே வை, வீட்டை விட்டுத் தூரமாக வை. எப்போது திருப்பித் தர வேண்டும் என்று ஆட்ரியன் கேட்டான். லாந்தர் திரும்பி நடந்து போய்விட்டது.

முதல் ராத்திரி ஆட்ரியன் அவர் சொன்ன பேச்சைக் கேட்டான். பின்பக்கத் தோட்டத்தில், வேலி ஓரமாக வைத்தான். ஒயரைச் சமையலறை ஜன்னல் வழியாக இழுத்து அட்டிக்குக்குக் கொண்டுபோனான். கயிற்றை இழுத்ததும் ஜெனரேட்டர் இருமி, செருமி, டபடபவென்று ஓட ஆரம்பித்தது. மேலே ஃபர்னஸ் டிக் டிக் டிக் என்று தட்டியது. புஸ்ஸென்று பற்றியது. கொஞ்சம் பொறுத்து ஹூம்ம் என்று காற்று கிளம்பி, கூரைத் துவாரம் வழியாகத் தூசி கருகும் வாசனையோடு வெதுவெதுவென்று இறங்கியது. ரெபெக்கா பிள்ளையை முகத்தோடு வைத்துக்கொண்டு அழுதேவிட்டாள். ஆட்ரியனுக்கும் கண் கலங்கியது.

ஆனால் நிம்மதி ஒரு ராத்திரிதான். காலையில் வாட்ஸாப்பைத் திறந்தால், பக்கத்துத் தெருவில் இரண்டு ஜெனரேட்டரைத் திருடிக்கொண்டு போய்விட்டார்களாம். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று அலைகிறவர்கள் எந்த ஊரில் இல்லை? அதைப் படித்ததிலிருந்து ஆட்ரியனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்காருவான், எழுவான். ஜன்னலுக்குப் போவான், வருவான். சாப்பிடுகிற கை பாதியில் நிற்கும், சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டுவான். போதாக்குறைக்கு ஒயருக்காகத் திறந்து வைத்த ஜன்னல் இடுக்கில் குளிர் உள்ளே வந்தது. சாயங்காலம் ஐஸ் மழை பிடித்துக்கொண்டது. ஜெனரேட்டர் விக்கி விக்கி ஓடியது. அது நின்றால் ஃபர்னஸ் நிற்கும். ஃபர்னஸ் நின்றால் பிள்ளை…

அதற்கு மேல் அவனால் யோசிக்க முடியவில்லை. கராஜுக்குள் கொண்டுவந்துவிடலாம் என்று முடிவு பண்ணினான்.

"அந்த ஆளு வெளிய வைக்கத்தானே சொன்னாரு?" என்றாள் ரெபெக்கா.

"கதவைத் தொறந்துதான் வைக்கப் போறேன். காத்து போகும். எங்கப்பா ஜெராக்ஸ் கடையில ஷட்டருக்கு உள்ளதான் ஓடும். பத்து வருஷம் ஓடுச்சு. ஒருத்தருக்கு ஒரு தும்மல் வந்திருக்குமா?"

தூத்துக்குடிக் கடையில் கூரைக்கும் சுவருக்கும் நடுவில் காக்கை பறந்து போகிற அளவுக்கு இடைவெளி இருக்கும். இங்கே வீட்டை டிபன் பாக்ஸ் மாதிரி மூடிக் கட்டி வைத்திருக்கிறார்கள். ஜெனரேட்டர் புகையில் இருக்கிற விஷம் ஒரு வாடையும் காட்டாமல் ஆளை முடித்துவிடும். இதெல்லாம் அவனுக்குத் தெரியாதா? தெரியும். என்ஜினியர். ஆனால் பயம் வந்துவிட்டால் படித்த படிப்பு எங்கே நிற்கிறது?

புகையோ விஷவாயுவோ வந்தால் கத்துவதற்கென்று கூரையில் ஒரு அலாரம் உண்டே என்பீர்கள். உண்டு. ஜெயலீலா பிள்ளையைக் குளிப்பாட்டி, முதல் தடவை சாம்பிராணி போட்ட அன்றைக்கு அது வீடே இடிந்து விழுகிற மாதிரி கத்தியது. பிள்ளை தூக்கிப் போட்டு, மூச்சு அடங்கி, நீலம் பாரித்துப்போய்விட்டது. ஆட்ரியன் நாற்காலி போட்டு ஏறி, அதைக் கழற்றி, பேட்டரியை உருவி, சமையலறை டிராயரில் போட்டான். அதோடு சரி. நம் வீடுகளில் தாளிப்புக்குப் பயந்து எத்தனை அலாரம் டிராயரில் கிடக்கிறது… கையைத் தூக்க வேண்டாம், முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

அன்று ராத்திரி ஜெனரேட்டரைக் கராஜுக்குள் நடுவில் வைத்தான். அட்டிக் ஏணி கராஜிலேயே இருந்ததால் ஒயரை நேராக மேலே ஏற்றினான். ஜன்னலை மூடியாயிற்று. கராஜ் கதவைக் கையால் தூக்கி, முழங்கால் உயரத்துக்கு மட்டும் திறந்து வைத்தான். மேலே படுக்கை அறையில் சூடு நன்றாக ஏறியது. பிள்ளை தொட்டிலில் கை காலை ஆட்டிக்கொண்டு தூங்கியது. ஆட்ரியனும் கண் அயர்ந்தான்.

கர்ர்ர்…

விழித்துக்கொண்டான்.

கர்ர்ர்… கர்ர்ர்…

கீழே. சிமெண்டுத் தரையில் கனமான எதையோ இழுக்கிற சத்தம். இழுத்து, நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு, மறுபடி இழுக்கிற மாதிரி.

கட்டிலுக்கு அடியிலிருந்த கிரிக்கெட் மட்டையை எடுத்துக்கொண்டு இறங்கினான். வீட்டிலிருந்து கராஜுக்குப் போகிற உள்கதவைத் தள்ளிப் போனில் வெளிச்சம் அடித்தான். ஜெனரேட்டர் வைத்த இடத்தில் இல்லை. ஆனால் சத்தம் மட்டும் டபடபவென்று வந்துகொண்டிருந்தது. ஏணியிலிருந்து இறங்கிய ஒயர் தரையோடு விண்ணென்று இழுபட்டு, கராஜ் கதவுக்கு அடியில் வெளியே போயிருந்தது.

குனிந்து வெளியே பார்த்தான்.

டிரைவ்வேயில், காருக்குப் பக்கத்தில், ஐஸ் மழையில் நனைந்தபடி ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஆள் இல்லை. தெருவில் ஆள் இல்லை. தெரு முழுக்க இருட்டு.

"எவன்டா அது!" என்று கத்தினான். பதில் இல்லை. திருட வந்தவன் பாதியில் போட்டுவிட்டு ஓடிவிட்டான் என்று நினைத்துக்கொண்டான்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கராஜ் கதவு அவன் விட்ட அதே உயரத்தில்தான் நின்றது. முழங்கால் உயரம். ஜெனரேட்டரோ அவன் இடுப்புக்கு வரும். அந்த நேரத்தில் அது அவனுக்கு உறைக்கவில்லை. கோபம் அப்படி. கதவைத் தூக்கி, அதை உள்ளே இழுத்துப் போட்டு, ஒரு பழைய சூட்கேஸைத் திறந்து ஒரு சங்கிலியை எடுத்தான். ஊருக்குப் போகும்போது ரயிலில் பெர்த்துக்கு அடியில் பெட்டியைக் கட்டுவோமே, அந்தச் சங்கிலி. அமெரிக்காவுக்கு வரும்போது அதையும் கட்டிக்கொண்டு வந்திருக்கிறான் பாருங்கள். அதை ஜெனரேட்டரின் கைப்பிடியில் சுற்றி, அரிசி மூட்டை அடுக்கியிருந்த இரும்பு ஸ்டாண்டின் காலோடு சேர்த்துக் கட்டி, பூட்டைப் போட்டான். கராஜ் கதவையும் ஒரு சாண் மட்டும் விட்டுக் கீழே இறக்கிவிட்டான்.

"இப்ப வாடா பாக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே படியேறினான்.

படுக்கையில் விழுந்ததுதான் தெரியும். தலை கனத்தது. அலைச்சல், தூக்கம் கெட்டது என்று நினைத்தான். மேலே ஃபர்னஸ் ஹூம்ம் என்று ஓடியது. அது வீட்டுக் காற்றை உறிஞ்சி உறிஞ்சித்தான் சுடவைத்து அனுப்பும். கராஜிலிருந்து கசிந்து வருகிற காற்றும் அதோடு சேர்ந்து அறை அறையாக, தொட்டில் வரைக்கும் வந்துகொண்டிருந்தது.

சளக்…

கீழே சங்கிலி.

சளக்… சளக்…

ஆட்ரியன் அதைக் கேட்டான். நன்றாகக் கேட்டான். எழுந்திருக்கவில்லை. இழு, இழு, உன்னால் அறுக்க முடிகிறதா பார்ப்போம் என்று இருட்டில் படுத்தபடி சிரித்தான். பின்னாட்களில் மோசஸிடம் இதைச் சொல்லும்போதெல்லாம் இந்த இடத்தில்தான் அவன் குரல் உடையும். "சிரிச்சேன்ணே… நான் படுத்துக்கிட்டுச் சிரிச்சேன்."

சளக்! சளக்! சளக்! இப்போது நிறுத்தாமல், பைத்தியம் பிடித்த மாதிரி.

"என்னங்க…" ரெபெக்காவின் குரல் எங்கோ தூரத்திலிருந்து வந்தது. "கீழ யாரோ அழுறாங்க."

"காத்து."

"காத்து இல்லங்க. ஒரு பொம்பள அழுறா… எனக்குத் தலை வெடிக்குது. வாந்தி வர்ற மாதிரி இருக்கு."

"தூங்கு ரெபெக்கா."

சங்கிலிச் சத்தம் நின்றது.

சட்டென்று நின்றது. ஜெனரேட்டர் மட்டும் ஓடியது. ஆட்ரியனுக்குக் கண் சொருகியது.

அப்புறம் படிக்கட்டில்…

சதக்.

ஈரக்கால். கார்ப்பெட்டில் தண்ணீர் பிழிகிற மாதிரி. சதக்… சதக்… ஒவ்வொரு படியாக. ஆனால் நல்ல அவசரம். வீடு முழுக்கப் பெட்ரோல் வாடை. அதோடு நனைந்த தலைமுடியின் வாடை. அறைக் கதவு திறந்தது. ஆட்ரியன் எழுந்திருக்கப் பார்த்தான். கை வரவில்லை. கால் அவனுடையதாகவே இல்லை. கத்த நினைத்தான், நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது.

தொட்டில் கிறீச்சிட்டது.

இருட்டில் அவனுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். பிள்ளையைச் சுற்றியிருந்த வெள்ளைப் போர்வை. அது தொட்டிலிலிருந்து மெதுவாக மேலே எழும்பியது. ஒரு ஆளின் மார்பு உயரத்தில் நின்றது. பிறகு அப்படியே அந்த உயரத்திலேயே திரும்பி, கதவு வழியாக வெளியே போனது.

சதக் சதக் சதக் என்று படியில் இறங்கியது.

அப்பன் உடம்பில் எங்கிருந்து பலம் வந்தது என்று தெரியவில்லை. கட்டிலிலிருந்து உருண்டு விழுந்தான். "பிள்ளையத் தூக்கிட்டுப் போறான்! ரெபெக்கா! பிள்ளைய!" அந்தச் சத்தத்துக்கு ரெபெக்காவும் விழுந்தாள். நடக்க முடியவில்லை இருவருக்கும். முழங்கையை ஊன்றி ஊன்றிப் போனார்கள். படியில் அவன் தலைகீழாக உருண்டான். கீழே வாசல் கதவு அகலத் திறந்து கிடந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் அந்த வெள்ளைப் போர்வை போய்க்கொண்டே இருந்தது. அதைப் பிடிக்கிற வெறியில் இருவரும் ஊர்ந்து, வாசல் தாண்டி, புல்லில் போய் ஐஸ் மேல் விழுந்தார்கள்.

வெளிக்காற்று முகத்தில் அறைந்தது. இருவரும் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தார்கள். ஆட்ரியனுக்கு அப்போதுதான் புத்தி தெளிந்தது. தான் என்ன செய்து வைத்திருக்கிறோம் என்பதும் புரிந்தது.

"பாப்பா எங்கங்க? என் பாப்பா எங்க?"

தெருவில் யாரும் இல்லை. ஐஸில் ஒரு காலடித் தடம் இல்லை. ரெபெக்கா கையால் தரையைத் தடவிக்கொண்டே அலறினாள். அந்த அலறலுக்கு நடுவில்தான் அந்தச் சத்தம் கேட்டது. பூனைக்குட்டி மாதிரி ஒரு அழுகை. மூடிய கண்ணாடிக்கு உள்ளேயிருந்து.

கார் பூட்டியிருந்தது. சாவி ஆட்ரியனின் பைஜாமா பையில் இருந்தது. எடுத்துத் திறந்தான். பின் சீட்டில், பிள்ளையின் கார் சீட்டில், பிள்ளை. பெல்ட் இரண்டும் தோளில் சரியாக ஏறி, நடுவில் கிளிப் நெஞ்சுக்கு நேராக மாட்டி, போர்வையைக் காலைச் சுற்றிச் செருகி… ஆஸ்பத்திரியில் நர்ஸ் சொல்லிக்கொடுத்ததை ரெபெக்காவே அவ்வளவு சரியாகச் செய்ததில்லை. பிள்ளை நன்றாக, உரக்க, கோபமாக அழுதுகொண்டிருந்தது.

அலறல் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிட்ட தீயணைப்பு வண்டி ஐஸில் தட்டுத் தடுமாறி வந்தது. வாசற்படியிலேயே அவர்கள் கையிலிருந்த விஷவாயு மீட்டர் கத்த ஆரம்பித்துவிட்டது. உள்ளே போய்விட்டு வந்த ஆள் முகமூடியைக் கழற்றி, பிள்ளையை ஒரு தடவை பார்த்தார். இன்னும் கொஞ்சம் நேரம் உள்ளே இருந்திருந்தால் எங்களுக்கு இங்கே வேலையே இருந்திருக்காது என்றார். அலாரம் எங்கே என்று கேட்டார். ஆட்ரியன் தலையைக் குனிந்துகொண்டான். முன் கதவு, பின் கதவு, தோட்டத்துக் கதவு எல்லாம் திறந்து கிடந்தனவே, நீங்களா திறந்தீர்கள் என்றும் கேட்டார். அதில் ஒன்றைக்கூட அவன் திறக்கவில்லை. கராஜில் பூட்டு பூட்டியபடியே இருந்தது. சங்கிலி அறுபடவில்லை. கட்டியிருந்த இரும்பு ஸ்டாண்டின் கால் மட்டும், கனமான மூட்டைகளையும் மீறி, கதவுப் பக்கமாக வளைந்து போயிருந்தது.

"கர்த்தர் அனுப்பின தூதன்தான் அது" என்று ரெபெக்கா திரும்பத் திரும்பச் சொன்னாள். ஐஸ் கரைந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். சர்ச்சில் எழுந்து நின்று சாட்சி சொன்னாள். கேட்டவர்கள் எல்லாம் அழுதார்கள். ஆட்ரியன் மட்டும் சாட்சி சொல்லவில்லை. பெட்ரோல் வாடையோடு எந்தத் தூதன் வருவான் என்பது அவன் கேள்வி.

ஜெனரேட்டரைத் திருப்பிக் கொடுக்க மோசஸும் கூடப் போனார். பகல். நல்ல வெயில். அந்த வயதானவர் கேட்டுக்கு வந்து, வெளியே வைத்துவிட்டுப் போங்கள் என்று தரையைக் காட்டினார். நன்றி சொன்னார்கள். அவர் திரும்பி வீட்டைப் பார்த்து நடந்துவிட்டார்.

"ஏய்… அங்க பாருடே" என்றார் மோசஸ்.

வீட்டுக்கு முன்னால் ஒரு பழைய கார் நின்றது. டயர் நான்கும் மண்ணோடு மண்ணாகி, புல் கதவு உயரத்துக்கு முளைத்திருந்தது. பின் கதவு மட்டும் திறந்தபடியே துருப்பிடித்துப் போயிருந்தது. உள்ளே ஒரு குழந்தையின் கார் சீட். அதன் பெல்ட்டை யாரும் மாட்டவில்லை. இரண்டு பக்கமும் தொங்கிக்கொண்டிருந்தது.

ஓர் ஐஸ் மழை ராத்திரியில் இதே ஜெனரேட்டர் புகைக்குத் தப்பி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு காருக்கு ஓடிய ஒரு தாய், பெல்ட் மாட்டுவதற்குள் பிள்ளையோடு அங்கேயே விழுந்து போனாள் என்பதை ஆபீஸ்காரர் அப்புறம்தான் மோசஸிடம் சொன்னார்.

இத்தோடு முடிந்திருந்தால் நல்ல கதைதான். கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று எழுந்து போயிருக்கலாம். உட்கார், தீக்ஷா, எங்கே எழுந்திருக்கிறாய்?

ஏப்ரலில் ஒரு நாள் இடி மழை. கரண்ட் போய் உடனே வந்துவிட்டது. கண் சிமிட்டுகிற நேரம்தான் இருட்டு. விளக்கு எரிந்தபோது தொட்டில் காலி. வாசல் கதவு திறந்து கிடந்தது. பூட்டிய காருக்குள் பிள்ளை, பெல்ட் எல்லாம் சரியாக மாட்டி, அழுதுகொண்டிருந்தது.

ஆட்ரியனுக்கு அன்றைக்குத்தான் நிஜமான பயம் வந்தது. ஏனென்றால் அவன் டெக்ஸாஸ்காரன் ஆகிவிட்டான். அடுத்து வருவது என்ன மாதம் என்று அவனுக்குத் தெரியும். இங்கே கோடையில், கண்ணாடி மூடின காருக்குள் ஒரு பச்சைப் பிள்ளை எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கும்? வருஷா வருஷம் டிவியில் காட்டுகிறார்களே. அன்றே கார் சீட்டைக் கழற்றி அட்டிக்கில் போட்டான். வெளியே போகும்போது மாட்டுவான், வந்ததும் கழற்றுவான். வெதர் ஆப்பைப் பார்த்துப் பார்த்து மனிதன் பாதியாகிவிட்டான். கரண்ட் போகும் போலத் தெரிந்தால் பிள்ளையைக் கீழே விடமாட்டார்கள். முறை போட்டுக்கொண்டு, மடியில் வைத்துக்கொண்டு விழித்திருப்பார்கள்.

"நன்றி சொல்லியாச்சு, ஜெபம் பண்ணியாச்சு, நாங்க நல்லா இருக்கோம்னு சத்தமாச் சொல்லியும் பாத்தாச்சு. கேக்கவே மாட்டேங்குதுண்ணே" என்று மோசஸிடம் அழுதிருக்கிறான்.

ஜூன் மாதம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சர்ச் முடிந்து எல்லாரும் ரிச்சர்ட்சனில் மோசஸ் வீட்டில் இருந்தார்கள். ஜெயலீலா பிரியாணிக்குத் தம் உடைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளை உள் அறையில், பெரிய கட்டிலில், தலையணை அணைகட்டித் தூங்கிக்கொண்டிருந்தது. வெளியே தார் உருகுகிற வெயில். ஊர் முழுக்க ஏசி ஓடினால் கரண்ட் என்ன செய்யும்?

ஏசி சத்தம் நின்றது.

ரெபெக்கா தட்டைப் போட்டுவிட்டு ஓடினாள். அவ்வளவுதான், நாலு எட்டு. கட்டிலில் தலையணை மட்டும் இருந்தது.

ஆட்ரியன் தன் காருக்கு ஓடினான். அதில் சீட்டும் இல்லை, பிள்ளையும் இல்லை. "சீட்டைக் கழட்டி இந்த வீட்டுக்குள்ளதானே வச்சேன்… அப்ப உள்ளதான் இருக்கும், உள்ள தேடுங்க!" என்றான். கட்டிலுக்கு அடியில், பாத்ரூமில், அலமாரியில், ஒரு இடம் விடவில்லை. ரெபெக்கா நடு ஹாலில் நின்று, "குடுத்துரு… என் பிள்ளையக் குடுத்துரு" என்று கூரையைப் பார்த்துக் கத்தினாள். நேரம் போய்க்கொண்டே இருந்தது.

ஜெயலீலாதான் ஒரு நிமிஷம் நின்று யோசித்தாள். "அத்தனை காரும் பாத்தீங்களா? தெருவுல இருக்கிற அத்தனை காரும்?"

தெருக்கோடியில் யாரோ ஒருவருடைய வேன். பின்னால் அவர்கள் பிள்ளைக்கு மாட்டிய கார் சீட். அதில் பாப்பா. கண்ணாடி நான்கும் ஏற்றி, கதவு பூட்டி. கண் மூடியிருந்தது. அசையவில்லை.

ஜெயலீலா கையிலிருந்த பிரியாணிக் கரண்டியை மோசஸ் பிடுங்கினார். அதாலேயே ஓங்கி அடித்துக் கண்ணாடியை உடைத்தார். உள்ளேயிருந்து அடுப்பைத் திறந்த மாதிரி அனல் முகத்தில் அடித்தது. பெல்ட் கிளிப்பைத் தொட்ட அவர் விரல் கொப்பளித்துவிட்டது, அந்தத் தழும்பு இன்றைக்கும் இருக்கிறது. ஆட்ரியன் பிள்ளையை அள்ளி நெஞ்சோடு அணைத்தான்.

அணைத்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

பிள்ளை உயிரோடுதான் இருந்தது. உடம்பு சில்லென்று இருந்தது. உதடு நீலமாகி, பிள்ளை வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. அந்த உச்சி வெயிலில், எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அது விட்ட ஒவ்வொரு மூச்சும், அந்த ஐஸ் ராத்திரியில் விடுகிற மூச்சு மாதிரி, வெள்ளைப் புகையாக வெளியே வந்தது.